ஹவில்தார் கேடயத்துக்காக நான் சிதம்பரம் போன நாள்

காலை ஆறு இருபது. கடலூர் பேருந்து நிலையத்தில் விருத்தாசலம் வண்டி புறப்படத் தயாராக நின்றது. கார்த்திகை மழை இரவெல்லாம் பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. இருபத்தெட்டு ரூபாய் கொடுத்து வடலூருக்குச் சீட்டு வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அன்று நான் போக வேண்டிய ஊர்கள் மூன்று: வடலூர், புவனகிரி, சிதம்பரம். சிதம்பரத்துக்கு நேர்வழியில் போனால் நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். நான் சுற்றுவழியில் போனேன்.

சிதம்பரத்தில் இளங்கோ என்பவர் ஐந்து வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. எங்கள் நான்கு ஊர்க் கிளப்புகள் வருடாவருடம் ஆடிய ரக்பிப் போட்டியில் அடிபட்டவர். அவரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான்கு கேப்டன்களும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இளங்கோ தன் வாயால் ‘ஆடுங்கள்’ என்று சொல்லும்வரை யாரும் பந்தைத் தொடுவதில்லை. அதற்குப் பிறகு அவரிடம் போய்க் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

இப்போது கடலூரில் சிலருக்கு மறுபடி ஆட ஆசை வந்திருக்கிறது. கேட்டு வர என்னை அனுப்பினார்கள். நான் அதிகம் பேசத் தெரியாதவன். துறைமுகத்தில் ஐஸ் பார் தூக்குகிறேன். அங்கே பேசவும் வேண்டியதில்லை. ஆனாலும் என்னைத்தான் அனுப்பினார்கள். அவர் கழுத்து முறிந்தபோது அவர் தலைக்கு நேர் எதிரே இருந்தது என் தலை. போகிற வழியில் வடலூரிலும் புவனகிரியிலும் ஆள் தேறுமா என்று பார்த்துவிட்டு, அந்தச் சேதியோடு இளங்கோவிடம் போவது என் திட்டம்.

மடியில் பை. பையில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஆறு ஆப்பிள், பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு சின்னப் புத்தகம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பழத்தைப் பார்த்துவிட்டு, “ஆஸ்பத்திரிக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். உண்மையைச் சொல்வதைவிட அது சுருக்கமாக இருந்தது.

குறிஞ்சிப்பாடி தாண்டும்வரை இந்தப் போட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், பெட்டி படுக்கையோடு பப்பாளிப்பழம் மாதிரி நீண்ட ஒரு பந்தையும் கொண்டு கடலூருக்கு வந்தார். படைப்பிரிவில் ரக்பி ஆடியவர். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் மாலை நேரத்தில் எங்களைப் பிடித்து ஓடவிட்டார். கையில் பந்தோடு முன்னே ஓடலாம். ஆனால் பந்தைப் பின்னால் இருப்பவனுக்குத்தான் வீச வேண்டும். எங்களுக்கு இது புரியவே ஒரு மாதம் ஆயிற்று. கபடி ஆடிய உடம்புகள் என்பதால் ஆளைப் பிடித்துச் சாய்ப்பது மட்டும் உடனே வந்தது.

கடலூரைப் பார்த்து வடலூரில் சுரங்க ஒப்பந்தத் தொழிலாளிகள் ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். புவனகிரியில் விவசாய வீட்டுப் பிள்ளைகள். சிதம்பரத்தில் கடைகளில் வேலை செய்பவர்களும் கல்லூரி மாணவர்களும். ஹவில்தார் தன் கைக்காசில் மரத்தில் ஒரு கேடயம் செய்து, நடுவில் பித்தளைத் தகடு அடித்துக் கொடுத்தார். சம்பா அறுவடை முடிந்து மாசியில் போட்டி. புவனகிரிக்காரர்களின் மைதானம் அறுத்த வயல் என்பதால் மாசிக்கு முன்னால் நடத்த முடியாது. அறுத்த நெல்தாள் காலைக் கிழிக்கும். இருந்தாலும் விழுந்தால் வலிக்காது.

ஹவில்தார் ஒரு வழக்கம் வைத்தார். ஆட்டம் முடிந்ததும் உள்ளூர்க்காரர்கள் சமைத்து வெளியூர்க்காரர்களுக்குப் பரிமாற வேண்டும். களத்தில் யாரை எதிர்த்து முட்டினாயோ, பந்தியில் அவனுக்கு எதிரிலேயே உட்கார வேண்டும். நானும் இளங்கோவும் அப்படி எட்டு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். அவர் பேசுவார். நான் சாப்பிடுவேன்.

காலை ஏழு ஐம்பது. வடலூர் நான்கு முனைச் சாலையில் இறங்கினேன். வடலூர் கிளப்பின் பழைய கேப்டன் அந்தோணி இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் ஓட்டுநர் சீட்டில் இருந்தபடியே கத்தினார்.

“யோவ் கலியபெருமாளு! ஐஸு உருகிடப் போவுது, இங்க என்னா பண்ற?”

சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஆட்டோவை ஓரம் கட்டினார். டீ வாங்கிக் கொடுத்தார்.

“மச்சான், மனசத் தொட்டுச் சொல்றேன். எங்கிட்ட ஆறு பேரு இருக்கான். மீதியெல்லாம் திருப்பூரு, துபாயி. இருக்கற ஆறு பேருக்கும் வயிறு இருக்குது பாரு, ஸ்கிரம்முல முட்டறதுக்கு எட்டுப் பேரு வேணாம், மூணு பேரு போதும், எடம் அடைச்சிடும்.”

“புது ஆளு?”

“புது ஆளா? ஃபோன்லயே ஆடிக்கிறானுங்கய்யா. நான் போயி, தம்பி வாடா, கழுத்து ஒடியற ஆட்டம் ஒண்ணு இருக்குதுன்னு கூப்புடவா?” சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். “தப்பா எடுத்துக்காத மச்சான்” என்றார்.

ஆறு பேரையாவது அனுப்புவீர்களா, கடலூரோடு சேர்த்து ஒரு அணி ஆக்கலாம் என்று கேட்டேன். எங்களிடம் ஒன்பது பேர். ஒன்பதும் ஆறும் பதினைந்து. ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த கணக்கு அது. அந்தோணி டீக் கிளாஸை வைத்தார்.

“நான் மொதல்ல எம் பொண்டாட்டிகிட்ட அனுமதி வாங்கணும். இளங்கோவ ஆம்புலன்ஸ்ல ஏத்தனப்ப அவளும் அங்கதான் இருந்தா. ஞாபகம் இருக்குதா? அதுக்கப்புறம் எங்க வூட்ல பந்துன்ற வார்த்தையே கெடையாது.”

வடலூரில் ஆட்டம் என்றால் அன்று இரண்டு அணிக்கும் கறிச்சோறு கிடையாது. வள்ளலார் ஊரில் அது கூடாது என்று ஹவில்தார் சொல்லியிருந்தார். தருமச்சாலையில் போய்க் கும்பலோடு கும்பலாக உட்கார்ந்துவிடுவோம். முப்பது பேர் சேறும் சிராய்ப்புமாக வந்து உட்கார்ந்தாலும் பரிமாறுகிறவர்கள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தோணி அங்கே போய்ச் சாப்பிட்டுப் போகச் சொன்னார். பசியில்லை என்று கிளம்பிவிட்டேன்.

காலை ஒன்பது பத்து. சேத்தியாத்தோப்பு வழியாகப் புவனகிரிக்கு முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். வண்டியில் நல்ல கூட்டம். சேத்தியாத்தோப்பில் அணைக்கட்டைத் தாண்டித் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. அதன் பிறகு இரண்டு பக்கமும் சம்பாப் பயிர். முழங்கால் உயரம். அங்கங்கே மழையில் மூழ்கிய வயல்களில் நுனி மட்டும் தெரிந்தது. முன் சீட்டில் இருந்த பெரியவர், “இன்னும் ரெண்டு நாளு தண்ணி நின்னா அழுவிடும்” என்று யாருக்கும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்.

காலை பத்தரை. புவனகிரி கடைத்தெருவில் சேகர் உரக்கடை வைத்திருக்கிறார். அந்த ஊர்க் கிளப்பின் கடைசிக் கேப்டன். எங்கள் மைதானமாக இருந்த வயல் அவர் சித்தப்பாவினுடையது. வா என்றார், உட்கார் என்றார், முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

“அந்தோணி ஃபோன் பண்ணிட்டான். எல்லாம் சொன்னான்.”

“நீங்க என்ன நெனைக்கிறீங்க?”

“நெனைக்கறதுக்கு என்னா இருக்குது? வண்டியில ஏறு.”

பைக்கில் ஒன்றரை கிலோமீட்டர் கூட்டிப் போனார். வயல் இருந்த இடத்தில் மஞ்சள் பூசிய மனைக் கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள். செம்மண் கொட்டி மேடாக்கி, நடுவில் முப்பதடிச் சாலை. வாசலில் வளைவு வைத்துக் கட்டிய கலர் கொடிகள் மழையில் நனைந்து தொங்கின. சேகர் பைக்கை நிறுத்தாமல், இங்கேதான் கோல் கம்பம், இங்கேதான் நடுக்கோடு என்று கையைக் காட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் மட்டும் காலை ஊன்றினார். முப்பத்தாறு என்று எண் போட்ட கல். இளங்கோ விழுந்த இடம் என்று எனக்கும் தெரிந்தது.

ரக்பியில் ஸ்கிரம் என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக்கொண்டு குனிந்து, தலையை எதிராளியின் தோளிடுக்கில் செருகி, நடுவில் உருட்டிவிடும் பந்துக்காகத் தள்ளுவார்கள். முன்வரிசையில் மூன்று பேர். எங்களுக்கு ஹவில்தார் சொல்லிக்கொடுத்தது இப்படி: இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். நடுவர் ‘வா’ என்றதும் எட்டுப் பேரும் கிடா மாதிரி பாய்ந்து மோத வேண்டும். மோதுகிற சத்தம் சாலைவரை கேட்கும். அதற்காகவே கூட்டம் வரும். ஹவில்தார் ஆடிய காலத்து விதி அது. அவர் வைத்திருந்த இங்கிலீஷ் புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது.

விதி பிற்பாடு மாறிவிட்டது. கழுத்து முறிகிறது என்பதால்தான் மாற்றினார்கள். இப்போதெல்லாம் இரண்டு முன்வரிசையும் கைக்கெட்டும் தூரத்தில் குனிந்து, முதலில் எதிராளியின் சட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்த பிறகுதான் சேர வேண்டும், பாய்ச்சல் கிடையாது. இது எங்களில் யாருக்கும் தெரியாது என்றுதான் விபத்துக்குப் பிறகு எல்லோரும் சொன்னார்கள். விசாரிக்க வந்தவர்களிடமும் அப்படியே சொன்னோம்.

ஆனால் புதிய விதிப்புத்தகம் எங்கள் கிளப்புக்கு வந்திருந்தது. விபத்துக்கு இரண்டு வருடம் முந்தியே ரக்பிச் சங்கத்திலிருந்து கூரியரில் வந்தது. அப்போது ஹவில்தார் இறந்துவிட்டிருந்தார். கிளப் பெட்டியின் சாவி என்னிடம் இருந்ததால் வாங்கியவன் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், இங்கிலீஷ் தெரியாது. பழைய புத்தகம் போலவே அட்டை இருந்தது. அது கிழிந்ததால் இன்னொன்று அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். புரட்டிப் பார்த்தேன், படங்கள் இருந்தன. ஒரு படத்தில் எதிரெதிர் அணிக்காரர்கள் குனிந்து ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், நம் பந்தி மாதிரி அவர்களுக்கும் ஒரு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பத்திரமாகப் பெட்டியில் வைத்தேன். அதைத்தான் பையில் வைத்திருந்தேன். அன்று இளங்கோவிடம் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன்.

“நெலத்த வித்தது சித்தப்பா முடிவு” என்றார் சேகர் திரும்பி வரும்போது. “இல்லேன்னாலும் நான் வர மாட்டேன். நீ இளங்கோகிட்ட போயி என்னான்னு கேப்ப? மைதானம் இல்ல, ஆளு இல்ல, அனுமதி மட்டும் குடுன்னா?”

“வரேன்னு ஃபோன்ல சொல்லிட்டேன். காத்துகினு இருப்பாரு.”

“போயிப் பழத்தக் குடுத்துட்டு வந்துடு. வாயத் தெறக்காத. அதான் உனக்குப் பழக்கமாச்சே.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை.

பகல் பன்னிரண்டு. நகரப் பேருந்து. வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தது. கரையோர நாணல் படுத்திருந்தது. சிதம்பரத்துக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான். இறங்கி மறு வண்டியில் கடலூருக்குத் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன். இரண்டாவது தடவை கண்டக்டர், “ஒக்காருய்யா, வழிய மறைச்சிகினு” என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

பகல் பன்னிரண்டே முக்கால். சிதம்பரம் அம்மாபேட்டையில் இளங்கோ வீடு. ஓட்டு வீடு, முன்னறையில் கட்டில். அழுத்தப் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை போட்டிருந்தார்கள். அதன் மோட்டார் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. அவர் மனைவி செல்வி வாசலிலேயே பையை வாங்கிக்கொண்டார். புத்தகத்தை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

இளங்கோ பாதியாகியிருந்தார். கழுத்து மட்டும் பழைய கழுத்து. அன்றைக்குத்தான் முகம் மழித்து, நெற்றியில் விபூதி பூசி, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்.

“வா மாமா. அஞ்சு வருசமாச்சு. சாப்புட்டாத்தான் வாயத் தெறப்பேன்னு இருக்கியா இன்னும்?”

அவர் எப்போதும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. செல்வி எனக்குக் கட்டிலுக்கு எதிரே இலை போட்டார்; இறால் குழம்பு. அவருக்குத் தட்டில் பிசைந்து ஊட்டினார். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் இளங்கோ கேட்டுக்கொண்டே இருந்தார். யார் யார் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், யார் யாருக்குக் கல்யாணம் ஆயிற்று, அந்தோணி இன்னும் பந்தைக் கீழே விடுகிறானா. நான் தலையாட்டினேன்.

செல்வி தட்டைக் கழுவக் கிணற்றடிக்குப் போனதும் புத்தகத்தை எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். கூரியர் வந்தது, படத்தைப் பார்த்தது, பெட்டியில் வைத்தது. ஒரே மூச்சில் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. இளங்கோ மேலே கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது எங்களுக்கும் வந்துச்சு மாமா.”

எனக்குப் புரியவில்லை.

“நாலு கிளப்புக்கும் அனுப்பனாங்க. நான் ஜெராக்ஸ் கடையில இருந்தேன்ல, ஓரளவுக்கு இங்கிலீஷ் தெரியும். படிச்சேன். பசங்களுக்கும் படிச்சுக் காட்டனேன். அவனுங்க என்னா சொன்னானுங்க தெரியுமா? நாம மட்டும் சட்டையப் புடிச்சிகினு மெதுவா சேந்தா, பயந்துட்டானுங்கன்னு கடலூரான் சொல்லுவான்னானுங்க. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. எங்க பலமே அந்த மொத மோதல்தான்.” என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். “நான் மூடி வெச்சேன். நீ தெரியாம மூடி வெச்ச, நான் தெரிஞ்சி மூடி வெச்சேன். செல்விக்கு இது தெரியாது. தெரிய வேணாம்.”

பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அப்படி ஒன்றும் இறங்கவில்லை. ஒருவர் மட்டும் சுமந்தது இப்போது இரண்டு பேரிடம் இருந்தது. அவ்வளவுதான்.

“அத வுடு” என்றார். “கேக்க வந்ததக் கேளு.”

“ஆடலாமான்னு கேட்டு வரச் சொன்னாங்க.”

“ஆடுங்க. எப்பவோ சொல்லியிருப்பேன், ஒருத்தனும் வந்து கேக்கல. சட்டையப் புடிச்சி ஆடுங்க. எத்தன டீமு?”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

“நாலு” என்றேன்.

“புவனகிரிகூடவா? சேகரு ஒத்துக்கினானா?”

“ஒத்துக்கிட்டாரு.”

“அதே வயலா?”

“அதே வயல்தான். தாளறுத்து வெக்கிறேன்னாரு.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் தண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது. அவரால் துடைத்துக்கொள்ள முடியாது. நான் துடைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு என் துண்டால் துடைத்தேன்.

“மாசி மொத ஞாயிறு வெச்சிக்கிங்க” என்றார். “கேடயம் சிதம்பரத்துக்குத்தான் வரும். கடலூரானுங்களுக்கு ஓடத்தான் தெரியும்.”

பிற்பகல் மூன்று மணி. விடைபெற்றேன். செல்வி தெருமுனைவரை கூடவே வந்தார். குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்தார்.

“அண்ணே, மாசி மொத ஞாயிறு ஆட்டம்னு அவுரு எங்கிட்ட சொன்னாரு. ஆனா சேகரு காலையிலயே ஃபோன் பண்ணிட்டாரு. ஆளும் இல்ல, எடமும் இல்லன்னு எனக்குத் தெரியும்.”

நான் நின்றுவிட்டேன்.

“நீங்க வரேன்னு ஃபோன் பண்ணி பத்து நாளு ஆவுது. இந்தப் பத்து நாளாத்தான் அவுரு பேசறாரு. அதுக்கு முன்ன ஆடி மாசத்துலேந்து ஒரு வார்த்த இல்ல. சோறும் வேணாம்னு வாய மூடிக்குவாரு. நானும் என் மவனும் மூக்கப் புடிச்சி ஊட்டனோம். இன்னிக்கு ரெண்டு தடவ கொழம்பு கேட்டாரு, பாத்தீங்கல்ல.”

“இப்ப என்னம்மா பண்றது?”

“மாசி மொத ஞாயித்துக்கு மறுநாளு வாங்க. வந்து, ஆட்டம் எப்படி நடந்துச்சுன்னு அவுருகிட்ட சொல்லிட்டுப் போங்க.”

“எனக்குப் பேச வராதும்மா.”

“இன்னிக்கு வந்துச்சில்ல” என்றார். குடையோடு திரும்பிப் போனார்.

பிற்பகல் மூன்று நாற்பது. கடலூர் வண்டி, நேர்வழி. முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டதால் உள்ளே இருட்டாக இருந்தது. கடலூரில் காத்திருப்பவர்களிடம், அவர் சம்மதிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஒன்பது பேரும் ஒரு வாரம் வருத்தப்பட்டுவிட்டு வலைக்கும் லோடுக்கும் போய்விடுவார்கள். துறைமுகத்தில் எதுவும் அவ்வளவு நாள் தங்காது. எங்கள் ஊரில் கடல் இருக்கிறது. கிடைக்காததை அதன் தலையில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். அம்மாபேட்டை அறையில் அப்படிப் போட ஒன்றுமில்லை. கூரையும் மோட்டார் சத்தமும்தான்.

ஆகவே ஒரு ஆட்டத்தை நான் உண்டாக்க வேண்டும். மாசிக்கு மூன்று மாதம் இருக்கிறது. யார் முதலில் பந்தைத் தொட்டான், எத்தனைக்கு எத்தனை, மழை இருந்ததா, பந்தியில் என்ன குழம்பு. சிதம்பரம் ஜெயித்தது என்று சொன்னால் சந்தோஷப்படுவார். ஆனால் நான் விட்டுக்கொடுத்தேன் என்று சந்தேகப்படுவார். கடலூர் ஜெயித்தது என்று சொன்னால் நம்புவார். சண்டையும் போடுவார். அதுவே நல்லது என்று ஆலப்பாக்கம் தாண்டும்போது முடிவு செய்தேன்.

அவர் முதலில் கேட்கப்போவது வேறொன்று என்று பிறகுதான் தோன்றியது. முன்வரிசையில் என் இடத்தில் நின்று உன்னை யார் முட்டினான் மாமா என்று கேட்பார். அதற்கு ஒரு பெயர் வேண்டும். சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த பெயர்களை ஒவ்வொன்றாக அந்த இடத்தில் குனிந்து நிற்க வைத்துப் பார்த்தேன். ஒருவர் முகமும் அங்கே நிற்கவில்லை. கடலூரில் வண்டி நின்று, எல்லோரும் இறங்கி, கண்டக்டர் வந்து தோளைத் தட்டும்வரை எனக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை.